பெயரில்லாத பொத்தான்

அன்புள்ள ஐயா,

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழி ஆசிரியராக இருக்கிறேன். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள்களை (யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளக் கூடியவை)த் தமிழுக்கு ஏற்றவாறு திருத்த ஒரு குழு தொடங்கினோம். முதல் கூட்டத்துக்கு இருபது பேர் வந்தார்கள். எட்டு மாதத்தில் நான்கு பேர்தான் மிச்சம். ஆர்வம் குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ச.

அன்புள்ள ச.,

நான்கு பேர் மிஞ்சியதே பெரிது. அவர்களில் பார்வையற்றவர் எத்தனை பேர்? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை 2006இல் எழுதத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் பார்வையற்றவர். உடன் சேர்ந்து அதை வளர்த்த நண்பரும் அப்படித்தான். கைவிட்டால் அவர்களுடைய கணினியே ஊமையாகிவிடும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் திரைவாசிப்பானான ஓர்காவுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தது சன் மைக்ரோசிஸ்டம்ஸ். 2010இல் ஆரக்கிள் அந்த நிறுவனத்தை வாங்கியதும் அந்த ஆளின் வேலை போனது. ஓர்காவின் பொறுப்பு ஜோன்மேரி டிக்ஸ் என்ற ஒருவர் தலையில் விழுந்தது. உலகமே பயன்படுத்தும் பொருளுக்கு ஒரே தோள்!

என் பக்கத்து வீட்டுக்காரர் வேலந்தாவளத்தில் கடை வைத்திருக்கிறார், பார்வை இல்லை. போன மாதம் ஒரு விண்ணப்பப் பக்கத்தைக் கணினியில் திறந்தார். மேலே மலையாளம், கீழே தமிழ். முழுப் பக்கத்தையும் மலையாளம் என்றே உள்ளே குறித்திருந்தார்கள். குரல் மலையாளத்தைக் கணீரென்று வாசித்தது. தமிழ் வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டது. கடைசியில் "பொத்தான், பொத்தான்" என்றது. அனுப்புவது எது, அழிப்பது எது? அவர் கையை எடுத்துவிட்டார். தமிழ்ப் பத்திக்கு 'இது தமிழ்' என்று சொல்லும் மொழிக்குறி ஒன்று, பொத்தான்களுக்குப் பெயர் இரண்டு. கால் மணி நேர வேலை. இந்தக் குறை சென்னைக்காரர் கண்ணில் படாது. இரண்டு மொழியிலும் புழங்கும் நமக்குத்தான் படும்.

அவரைப் போன்றவர் குழுவை நடத்தட்டும். எதை முதலில் திருத்துவது என்று அவர் சொல்ல வேண்டும். திருத்தியதை அவர் கேட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகே வேலை முடிந்ததாகக் கணக்கு. அந்த நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 அன்று மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தும் செலவை இதற்குத் திருப்பலாம். கேரளப் பள்ளிகளில் படித்த உங்கள் மாணவர்களுக்கு லினக்ஸ் புதிதல்ல. மொழிக்குறி போடும் வேலையை அவர்களிடம் முறை வைத்துக் கொடுங்கள். ஒருவரே தூக்கிச் சுமந்தால் அடுத்த எட்டு மாதத்தில் அவரும் வரமாட்டார்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை அடைப்பு. நால்வரும் வாருங்கள். அந்தப் பக்கத்தை அவர் இன்னும் மூடவில்லை.