ஓக் மரங்கள் சில வருடங்களில் மட்டும் ஏன் கொட்டையை அள்ளிக் கொட்டுகின்றன?

கடும் குளிர் வரப்போவது மரத்துக்கு முன்பே தெரிந்துவிடுகிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. காய்ப்பு என்பது நடந்து முடிந்த பருவங்களின் கணக்கு. வரப்போகும் பனி அதில் சேராது.

எனக்குக் காரைக்குடிப் பக்கம். எங்கள் ஊர்ப் புளியமரம் ஒரு வருஷம் கிளை தொங்கக் காய்த்தால் மறு வருஷம் ஓய்ந்துவிடும். "பிள்ளை பெத்த உடம்பு மாதிரி, கொஞ்சம் தேறட்டும்" என்பார் அப்பத்தா. ஓக்கிலும் பாதி விஷயம் இதுதான். கொட்டைக்குள் மாவுச்சத்தை அடைத்தே சேமிப்பு கரைந்துபோகும். அதனால் அமோகக் காய்ப்பு பெரும்பாலும் 2 முதல் 5 வருடங்களுக்கு ஒருமுறைதான்.

ஆனால் புளி தனித்தனியாக ஓயும். ஓக் அப்படியில்லை, காடே சேர்ந்து காய்க்கும், காடே சேர்ந்து ஓயும். என்னை அசத்துவது இதுதான். ஓக்கின் மகரந்தம் காற்றில் போவது. எல்லா மரமும் ஒரே சமயத்தில் பூத்தால்தான் நன்றாகச் சூல் பிடிக்கும். வசந்தம் இதமாக இருந்தால் சரி. பூக்கிற நேரத்தில் உறைபனி விழுந்தால் பூ கருகி, அந்த வட்டாரம் முழுக்கக் காய்ப்பு போச்சு. அப்புறம், வெள்ளை ஓக் வகைகளில் பூத்த வருடமே கொட்டை விழும். சிவப்பு ஓக் வகைகளில் மறு வருடம்தான் முற்றும். ஒன்று கொட்டும்போது மற்றது சும்மா நிற்பதும் உண்டு.

சேர்ந்து காய்ப்பதில் இன்னொரு லாபம், தின்ன வருகிறவர்களைத் திணறடிப்பது. புளி தட்டும்போது சில கொட்டைகளில் குண்டூசி முனை அளவுக்கு வண்டு துளைத்த ஓட்டை தெரியுமே, ஓக் கொட்டைக்கும் அதேபோல ஒரு கூன்வண்டு உண்டு. பெண் வண்டு நீண்ட மூக்கால் பச்சைக் கொட்டையைத் துளைத்து முட்டையிடும். புழு உள்ளேயே பருப்பைத் தின்று வளர்ந்து, கொட்டை விழுந்ததும் வட்டமாக ஓட்டை போட்டு வெளியேறி மண்ணுக்குள் இறங்கும். காய்ப்பு குறைந்த வருடத்தில் வண்டு, அணில், எலி, மான் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய எல்லாவற்றையும் காலி செய்துவிடும். அடுத்த வருடமும் இரை கிடைக்காமல் அவற்றின் எண்ணிக்கை சரிந்திருக்கும் நேரத்தில் காடு மொத்தமாகக் கொட்டினால், தின்று தீர்க்க ஆள் இருக்காது. மிச்சம் முளைக்கும்.

கொட்டித் தீர்த்த மறு வருடம் எலிகள் பெருகும். நம் நாட்டில் மிசோரத்தில், ஏறத்தாழ 48 வருடங்களுக்கு ஒருமுறை மூங்கில் காடே பூத்துக் காய்க்கும்போது இதுதான் நடக்கிறது. மூங்கில் பழத்தைத் தின்று பெருகிய எலிகள் வயலில் இறங்கி நெல்லைத் தின்றதில் 1959-ல் அங்கே பஞ்சமே வந்தது. 2007-லும் பயிர்கள் பெருமளவில் அழிந்தன.