குளுக்கோஸ் சென்சருக்கு எந்த நொதி?

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்டுக்கு ரத்த குளுக்கோஸ் பயோசென்சர் செய்கிறோம். குளுக்கோஸ் ஆக்சிடேஸ், குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ், இரண்டில் எதை எடுப்பது?

பதில்: ஆக்சிடேஸையே எடுங்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையிலிருந்து கிடைக்கும் இந்த நொதி விலை குறைவு, எளிதில் கெடாது, மற்ற சர்க்கரைகளை ஏறக்குறையச் சீண்டுவதே இல்லை. தொல்லை தருவது ஆக்சிஜன்தான். மீடியேட்டர் (நொதியிலிருந்து எலக்ட்ரோடுக்கு எலக்ட்ரானைக் கடத்தும் வேதிப்பொருள்) வைத்த ஸ்ட்ரிப்பில் எலக்ட்ரானுக்கு அதுவும் போட்டியிடும். ஆக்சிஜன் மிகுந்த ரத்தத்தில் அளவு குறைவாகத் தெரியும். மீடியேட்டர் இல்லாமல், வினையில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை அளப்பதென்றால் பிளாட்டினம் எலக்ட்ரோடுக்கு 0.6 வோல்ட் அளவில் தர வேண்டும். அங்கே வைட்டமின் சி, யூரிக் அமிலம், பாராசிட்டமால் மூன்றும் சேர்ந்து மின்னோட்டம் தரும். நாஃபியான் என்ற பாலிமர் பூச்சு, எதிர்மின்சுமை உள்ள முதல் இரண்டைப் பெரிதும் தடுக்கும். சுமையில்லாத பாராசிட்டமால் நுழைந்துவிடும்.

டிஹைட்ரஜனேஸுக்கு ஆக்சிஜன் ஒரு பொருட்டல்ல. ஆனால் அதில் பி.க்யூ.க்யூ துணைக்காரணி (நொதி வேலை செய்ய உதவும் சிறு மூலக்கூறு) கொண்ட வகையை வாங்கிவிடாதீர்கள். அது மால்டோஸையும் குளுக்கோஸாகக் கணக்கிடும். ஐகோடெக்ஸ்ட்ரின் கரைசலால் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களின் ரத்தத்தில் மால்டோஸ் சேர்கிறது. மீட்டர் பொய்யாக உயர்ந்த அளவு காட்ட, அதை நம்பி இன்சுலின் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். இத்தகைய பொய் அளவுகளோடு தொடர்புடைய 13 மரணங்கள் 1997 முதல் பதிவானதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரித்தது. மாதிரியில் வேறென்ன இருக்கும் என்று கேட்காமல் நொதியைத் தேர்ந்தால் விளைவு இவ்வளவு கொடியது. டிஹைட்ரஜனேஸ்தான் வேண்டுமென்றால் எஃப்.ஏ.டி என்ற வேறு துணைக்காரணி கொண்ட வகை, அதில் மால்டோஸ் பிரச்சினை இல்லை, சைலோஸ் மட்டும் குறுக்கிடும்.

நொதியை எலக்ட்ரோடில் ஒட்டும்போது பிஎச் 7.4 பாஸ்பேட் பஃபர் போதும். டிரிஸ் பஃபர் வேண்டாம், அதன் அமீன், நொதியைப் பிணைக்கும் குளூட்டரால்டிஹைடைத் தின்றுவிடும். குளூட்டரால்டிஹைடு 0.5 சதவீதத்தில் தொடங்குங்கள்: கூடினால் நொதி செயலிழக்கும், குறைந்தால் கழுவும்போதே போய்விடும். இன்னொன்று, ஸ்டாண்டர்ட் கரைசலை முந்தின இரவே தயாரியுங்கள். புதிதாகக் கரைத்த குளுக்கோஸ் பெரும்பாலும் ஆல்ஃபா வடிவம். ஆக்சிடேஸ் ஏற்பதோ பீட்டாவை. சமநிலை வருமுன் அளந்தால் அளவீட்டுக் கோடு கோணலாகும்.

கேள்வி: நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் பி1 என்ற பூஞ்சை நச்சைக் கண்டறிய சாண்ட்விச் ஆன்டிபாடி முறை (இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே இலக்கைப் பிடிப்பது) வைத்தோம். சிக்னலே இல்லை. ஏன்?

பதில்: வராது. 312 டால்டன் மூலக்கூறின் மேல் இரண்டு ஆன்டிபாடிகள் ஒருசேர உட்கார இடமில்லை. போட்டி முறைக்கு மாறுங்கள்: பி.எஸ்.ஏ புரதத்தோடு இணைத்த அஃப்ளாடாக்சினை எலக்ட்ரோடில் பதித்து, ஆன்டிபாடியை மாதிரியோடு கலந்து விடுங்கள். மாதிரியில் நச்சு கூடக்கூட ஆன்டிபாடி அதோடே பிணைந்துவிடும், எலக்ட்ரோடில் சிக்னல் குறையும். பிரித்தெடுத்த மெத்தனால் சாற்றை, மெத்தனால் 10 சதவீதத்துக்கு வரும்வரை பஃபரால் நீர்க்கச் செய்யுங்கள். இல்லையேல் ஆன்டிபாடி சரியாகப் பிணையாது. சிக்னலுக்காக ஆன்டிபாடியில் ஒட்டும் லேபிள் பெராக்சிடேஸ் நொதி என்றால் பஃபரில் சோடியம் அசைடு இருக்கக்கூடாது, அது அந்த நொதியை முடக்கிவிடும்.