மூன்று அங்குலத்துக்கு என்ன விலை?

கால் எலும்பை வெட்டி உயரம் கூட்டும் அறுவை சிகிச்சை பற்றி வடசென்னை வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சில இங்கே. பதில் சொல்பவர்கள் எலும்பு அறுவை மருத்துவர்களும் பிசியோதெரபி நிபுணர்களும் உள்ள நம் மருத்துவக் குழு. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

எனக்கு வயது 27. உயரம் 5 அடி 3 அங்குலம். மின்ட் பக்கம் சொந்தமாக எலெக்ட்ரிக்கல் கடை. பெண் பார்க்கப் போகும் இடத்திலெல்லாம் உயரத்தைச் சொல்லித் தட்டிக்கழிக்கிறார்கள். ஓர் ஆஸ்பத்திரி யூடியூபில் மூன்று அங்குலம் கூட்டித் தருகிறோம், மூன்றே மாதம் என்கிறது. நம்பலாமா?
– வாசகர், சௌகார்பேட்டை

உயரம் கூடும் என்பது உண்மை. மூன்று மாதம் என்பது பாதி உண்மை. அந்தப் பாதி எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கீழ்க்கால் எலும்பைச் சிறு கீறல் வழியே துளையிட்டு, உளியால் வெட்டுவார்கள். எலும்பைச் சுற்றியுள்ள மெல்லிய உறை கிழியாமல் வெட்ட வேண்டும். புது எலும்புக்கு ரத்தமும் செல்களும் அங்கிருந்துதான் வரும். பக்கத்தில் ஒட்டினாற்போல் போகும் மெல்லிய எலும்பையும் வெட்டியாக வேண்டும். வெட்டிய பிறகு ஐந்து முதல் ஏழு நாள் சும்மா விடுவார்கள். அதற்குள் வெட்டிய இடத்தில் பிசின் போன்ற இளம் திசு கட்டும். அதன் பிறகு நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் இழுப்பார்கள். அதையும் ஒரே மூச்சில் இழுப்பதில்லை, கால் மில்லிமீட்டராக நான்கு வேளை. சைபீரியாவின் குர்கான் நகரில் 1950களில் இலிசரோவ் என்ற மருத்துவர் வகுத்த முறை இது. இன்றும் பெரும்பாலோர் பின்பற்றுவது இந்த வேகத்தைத்தான். வேகமாக இழுத்தால் இடைவெளியில் எலும்பு உருவாகாது, நரம்பும் தாங்காது. மெதுவாக இழுத்தால் எலும்பு முந்திக்கொண்டு கூடிவிடும், மறுபடி வெட்ட வேண்டும்.

3 அங்குலம் என்றால் 7.6 செ.மீ. நாளுக்கு 1 மி.மீ. என்றால் 76 நாள். முதல் ஒரு வாரத்தைச் சேர்த்தால் 83 நாள். விளம்பரத்தின் மூன்று மாதம் இதுதான். அன்றைக்கு உங்கள் உயரம் கூடியிருக்கும், ஆனால் கூடிய அந்த 7.6 செ.மீ. இன்னும் எலும்பாகியிருக்காது. எக்ஸ்ரேயில் மங்கலான கோடுகளாகத்தான் தெரியும். அது இறுகிக் கெட்டியாக, மொத்தக் கணக்கில் ஒரு செ.மீட்டருக்கு ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் எட்டு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை. முன்பக்கமும் பக்கவாட்டிலும் எடுத்த எக்ஸ்ரேக்களில் எலும்புச் சுவர் நான்கில் குறைந்தது மூன்று தடித்துத் தெரிந்த பிறகுதான், இழுப்பதற்காகக் காலைச் சுற்றி மாட்டிய கம்பிக் கூண்டைக் கழற்றுவார்கள். அவசரப்பட்டுக் கழற்றினால் புது எலும்பு வளையும், இல்லாவிட்டால் முறியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் தசையில் இருக்கிறது. எலும்பு நாளுக்கு 1 மி.மீ. வளர்ந்துகொடுக்கும். கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் அந்த அளவுக்கு இசைந்துகொடுக்காது. 4 செ.மீ. தாண்டும்போது பாதம் கீழ்நோக்கி இழுத்துக்கொள்ளத் தொடங்கும், குதிகால் தரையில் படாது. நாளெல்லாம் பலமுறை நீட்டல் பயிற்சி, இரவில் பாதத்தை நிமிர்த்திக் கட்டும் பட்டை எல்லாம் இதற்காகத்தான். அதையும் மீறி இழுத்துக்கொண்டால் நாணை நீட்ட இன்னோர் அறுவை. எலும்பு கூடிய பிறகும் குத்துக்கால் போட்டு உட்கார முடியாமல், மாடிப்படி இறங்கும்போது சிரமப்பட்டு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். கடையில் மேல் தட்டிலிருந்து ஒயர் சுருளை எடுக்க ஏணி ஏறுகிற தொழில் உங்களுடையது. அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கீழ்க்காலில் 5 செ.மீ. வரை என்பதுதான் அனுபவமுள்ள அறுவை மருத்துவர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் எல்லை. அதாவது 2 அங்குலம். ஒரே எலும்பில் 7.6 செ.மீ. தருவதாகச் சொல்பவர் உங்களிடம் சிக்கல்களைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினார் என்று பாருங்கள். அவர் காட்டும் வீடியோ மூன்றாம் மாதத்தியதாக இருந்தால் போதாது. ஒன்றரை வருடம் முடிந்த ஒருவரை நேரில் காட்டச் சொல்லுங்கள். அவர் மாடிப்படி இறங்குவதைப் பாருங்கள், ஓடச் சொல்லிப் பாருங்கள்.

நல்ல மருத்துவர் உங்களை முதலில் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்புவார். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உயரத்தைப் பற்றிய நினைப்பே நாளெல்லாம் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு, 5 செ.மீ. கூடிய பிறகும் அந்த நினைப்பு போவதில்லை. இன்னும் 5 வேண்டும் என்று வருவார்கள். பெண் வீட்டார் 5 அடி 3க்குச் சொன்ன சாக்கை 5 அடி 5க்கும் சொல்ல மாட்டார்கள் என்பதற்கு எந்த அறுவை மருத்துவரும் உத்தரவாதம் தர முடியாது.

என் வயது 21. வியாசர்பாடி. போலீஸ் செலக்‌ஷனுக்கு 170 செ.மீ. வேண்டும். நான் 168.5. எழுத்துத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வெறும் 2 செ.மீ. கூட்டினால் போதும். சின்ன ஆபரேஷன்தானே?

வேண்டாம் தம்பி. 2 செ.மீ. என்றாலும் வெட்டும் வெட்டு அதேதான். கிருமித் தொற்று, ரத்தக்கட்டி, நரம்பு பாதிப்பு, எலும்பு கூடாமல் போவது எல்லாம் அதே ஆபத்துகள். இழுக்கும் நாள்தான் குறையும்.

சீருடைப் பணியாளர் தேர்வு உயரத்தோடு முடிவதில்லை. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பிறகு கயிறு ஏறுதல், தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். அதற்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. இரண்டு கால்களிலும் வெட்டுத் தழும்பும் எக்ஸ்ரேயில் வெட்டிய எலும்பும் தெரிந்தால் அங்கே கேள்வி வரும். உயரத்துக்காக ஓட்டத்தைப் பணயம் வைக்கிறீர்கள்.

முதலில் ஒன்று செய்யுங்கள். 168.5 என்று எங்கே, எப்போது அளந்தீர்கள்? மாலையில் மருந்துக்கடை மெஷினில் என்றால் அதை நம்பாதீர்கள். முதுகெலும்புத் தட்டுகள் பகலில் அமுங்கும், இரவில் ஊறி உப்பும். காலையில் எழுந்ததும் மாலையைவிட 1 செ.மீ. அளவு கூடுதலாக இருப்பது எல்லோருக்கும் உள்ளதுதான், சிலருக்கு அதற்கும் சற்று மேல். வெறுங்காலில், குதிகால், பிட்டம், தோள், பின்தலை நான்கும் சுவரில் பட நின்று, தலைமேல் கெட்டி அட்டையை மட்டமாக வைத்து வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். மூன்று நாள் காலையில் அளந்து பாருங்கள். ஆதி திராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 167 செ.மீ. போதும், உங்கள் பிரிவையும் அறிவிப்பில் சரிபாருங்கள். அப்படியும் எட்டவில்லை என்றால், படித்த படிப்பு வீணில்லை. குரூப் 4ல் இளநிலை உதவியாளர், தட்டச்சர் பணிகளுக்கு உயரம் கேட்பதில்லை.

என் தம்பி இந்த ஆபரேஷன் செய்தே தீருவேன் என்கிறான். அம்மா நகையை அடகு வைக்கத் தயார். எந்த முறை நல்லது? எவ்வளவு ஆகும்? நாங்கள் இருப்பது வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.
– வாசகி, தண்டையார்பேட்டை

மூன்று முறைகள் உண்டு. முதலாவது வெளிக் கூண்டு: காலைச் சுற்றி வளையங்கள், வளையத்திலிருந்து தோலைத் துளைத்து எலும்புக்குள் போகும் கம்பிகள். திருகுக் கம்பியிலுள்ள நட்டைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கால் சுற்று திருப்பினால் கால் மில்லிமீட்டர். விலை குறைவு. ஆனால் கூண்டு மாதக்கணக்கில் காலில் இருக்கும். கம்பி தோலுக்குள் நுழையும் ஒவ்வொரு துளையிலும் தொற்று வரலாம், பெரும்பாலானோருக்கு ஒருமுறையாவது வரும். துளையைச் சலைன் நனைத்த பஞ்சால் துடைத்துச் சுத்தமாக வைக்க வேண்டும். சிவந்து, நீர் கசிந்தால் மாத்திரையில் அடங்கும். சீழ் பிடித்து எலும்புக்குள் போனால் கம்பியையே எடுக்க வேண்டிவரும்.

இரண்டாவது, எலும்புக்குள் ராடும் வெளியே கூண்டும். இழுத்து முடித்ததும் ராடை ஸ்க்ரூ போட்டுப் பூட்டிவிட்டுக் கூண்டைக் கழற்றலாம். கூண்டுக் காலம் வெகுவாகக் குறையும். ஆனால் துளைத் தொற்று உள்ளே இறங்கினால் ராடு முழுக்கப் பரவும்.

மூன்றாவது, காந்த ராடு. பெரும்பாலும் தொடை எலும்பில் வைப்பார்கள். வெளியே கூண்டே இல்லை. தோலுக்கு மேல் ஒரு கருவியை வைத்தால் உள்ளே உள்ள காந்தம் சுழன்று ராடு நீளும். சுகமானது, ஆனால் இறக்குமதிச் சரக்கு, விலை பல மடங்கு. ராடு உடம்பில் இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. எடுப்பதில் சிக்கல் உண்டு. ஒரு வருடம் போல் கழித்து அதை எடுக்க இன்னோர் அறுவை. முழு எடையையும் ஊன்றி நடக்கலாம் என்று வந்த ‘ஸ்ட்ரைட்’ என்ற துருப்பிடிக்கா எஃகு ராடு, உடம்புக்குள் அரித்து அருகிலுள்ள எலும்பையும் பாதித்ததால் 2021ல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. புதுசு என்பதாலேயே நல்லது என்றாகிவிடாது.

எந்த முறையானாலும் செலவு பல லட்சம். அழகுக்காகச் செய்யும் அறுவைக்குக் காப்பீடு பணம் தராது. நகை அடகில் வரும் பணம் ஆபரேஷனோடு தீர்ந்துவிட்டால்தான் ஆபத்து. வாராவாரம் எக்ஸ்ரே, தினம் பிசியோதெரபி, எட்டு மாதம் சம்பளமில்லாத வீடு, எலும்பு கூடாவிட்டால் இடுப்பெலும்பிலிருந்து எலும்பெடுத்து வைக்கும் மறு அறுவை. ஆபரேஷன் பில் அளவுக்கு இன்னொரு தொகை கையில் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

மூன்றாவது மாடி நிச்சயமாகச் சரிவராது. தரைத்தள வீடு, வெஸ்டர்ன் டாய்லெட், கைப்பிடி, சக்கர நாற்காலி நுழையும் கதவு (சாதாரண நாற்காலிக்கே 65 செ.மீ. போல் வேண்டும், வாரியக் குடியிருப்புக் குளியலறைக் கதவை டேப் வைத்து அளந்து பாருங்கள்). பகலில் உடன் ஓர் ஆள் வேண்டும். அது நீங்களா, அம்மாவா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

தம்பி சிகரெட்டோ ஹான்ஸோ பழக்கமுள்ளவர் என்றால் பேச்சே வேண்டாம். நிகோடின் எலும்பு கூடுவதைக் கெடுக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே பல மருத்துவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சீனாவில் அழகுக்காக இதைச் செய்வதை 2006லேயே தடை செய்தார்கள். நம் நாட்டில் அப்படித் தடை இல்லை, அதனால் விசாரிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்.

எனக்கு 34 வயது. சிறுவயதில் தொடை எலும்பு முறிந்து வளைந்து கூடியதால் இடது கால் மூன்றரை செ.மீ. குட்டை. நொண்டி நடக்கிறேன், இப்போது இடுப்பும் வலிக்கிறது. எனக்கும் வேண்டாம் என்பீர்களா?
– வாசகர், காசிமேடு

மாட்டோம். இந்த முறை பிறந்ததே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். இழுப்பது ஒரு காலை மட்டும், மறு கால் தாங்கும். கூடவே வளைவையும் நேராக்கலாம்.

ஆனால் முதலில் செருப்பில் முயன்று பாருங்கள். உள்ளே 1 செ.மீ. வரை தக்கை வைக்கலாம், மீதியை அடிப்பாகத்தில் வெளியே கூட்ட வேண்டும். முழு மூன்றரையும் ஒரே நாளில் ஏற்றாமல் படிப்படியாக ஏற்றுங்கள். இரண்டு மாதத்தில் இடுப்பு வலி குறைந்தால் காரணம் கால்தான் என்று உறுதியாகும். 2 செ.மீட்டருக்குக் கீழே என்றால் செருப்போடு நிறுத்திக்கொள்ளச் சொல்வோம். நீங்கள் அதைத் தாண்டியவர். ஸ்டான்லி மருத்துவமனை எலும்புப் பிரிவு புறநோயாளிகள் சீட்டு போட்டு, நின்ற நிலையில் இரு கால்களும் முழுதாகத் தெரியும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். சிகிச்சைக் காலத்தில் புரதமும் கால்சியமும் நிறைய வேண்டும். உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி போதும்.

15 வயது மகளுக்கு உயரம் கூட பவுடர் வாங்கலாமா? கம்பியில் தொங்கினால் வளர்வாளா?
– தாய், திருவொற்றியூர்

பவுடர் வேண்டாம். தொங்குவதால் எலும்பு நீளாது. வயதுக்கு வந்து இரண்டு வருடம் தாண்டியிருந்தால் வளர்ச்சி பெரும்பாலும் முடியும் கட்டம். சந்தேகமென்றால் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து வளர்ச்சித் தட்டு மூடிவிட்டதா என்று குழந்தை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் கணவர் வெளிமாநிலத்தில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருக்கிறார். இன்றோடு 34 நாள் திருகியாகிவிட்டது. நான்கு நாளாகக் கட்டை விரலை மேலே தூக்க முடியவில்லை. கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மரத்திருக்கிறது. டாக்டர் வாட்ஸ்அப்பில் பயிற்சி செய்யச் சொல்கிறார்.
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

உங்களுக்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே. இது பயிற்சியால் சரியாவதில்லை. முழங்காலுக்கு வெளிப்புறமாகச் சுற்றி இறங்கும் நரம்பு இழுபட்டிருப்பதன் அடையாளம். அதே நாள் திருகுவதை நிறுத்திவிட்டு, அதே நாள் எலும்பு அறுவை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். அவர் வேகத்தைக் குறைக்கலாம், சில சுற்று பின்னோக்கித் திருப்பலாம், தேவைப்பட்டால் நரம்பை அழுத்தும் இடத்தைத் திறந்துவிடலாம். சீக்கிரம் செய்தால் நரம்பு திரும்பும், தள்ளிப்போட்டால் பாதம் தொங்கியபடியே நின்றுவிடலாம்.

கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் வாட்ஸ்அப்பைத் தொடாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

பயந்துபோய் வீட்டிலேயே ஒரு வாரம் பத்து நாள் திருகாமல் இருந்துவிடவும் கூடாது. அதற்குள் இடைவெளியில் எலும்பு கூடிவிட்டால், மறுபடி வெட்ட வேண்டிவரும்.