ஒன்பது வருடமாக நகராத பாகப்பிரிவினை வழக்கு: என்ன செய்யலாம்?

கேள்வி: அப்பாவின் நிலத்தில் பங்கு கேட்டு, அண்ணன் தம்பி மீது 2016-ல் சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன். இன்னும் சாட்சி விசாரணையே முடியவில்லை. எப்போது போனாலும் வாய்தாதான். எனக்கு 64 வயது. சீக்கிரம் முடிக்க வழி உண்டா? – தஞ்சை மாவட்ட வாசகி

பதில்: வழி உண்டு, அம்மா. அதற்கு முன்னால் வழக்கு எந்தக் கட்டத்தில், யாரால் நிற்கிறது என்று தெரிய வேண்டும். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் சிஎன்ஆர் எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்) போட்டால், ஒவ்வொரு தேதியும் எதற்காகத் தள்ளிப்போனது என்று வரிசையாக வரும். வீட்டில் யாரையாவது எடுத்துத் தரச் சொல்லி ஒரு தாளில் எழுதுங்கள். எதிர்த்தரப்பு கேட்ட வாய்தா எத்தனை, உங்கள் பக்கம் கேட்டது எத்தனை, நீதிபதி இல்லாமல் போன நாள் எத்தனை?

எதிர்த்தரப்பு கேட்டதுதான் அதிகம் என்றால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17-வது கட்டளைப்படி, விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா தரக் கூடாது. 2002 ஜூலையிலிருந்து இதுதான் சட்டம். வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை இருக்கிறது என்பதும் காரணம் ஆகாது. தவிர்க்க முடியாத நிலையில் மூன்றைத் தாண்டலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த விதிவிலக்குதான் இன்று வழக்கமாகிவிட்டது. எதிர்த்தரப்பு வாய்தா கேட்கும்போது நம் வக்கீல் பேசாமல் நின்றால், சம்மதம் என்றுதான் ஆகும். ஒவ்வொரு முறையும் ஆட்சேபம் பதிவாக வேண்டும், வாய்தா கேட்டவர் நமக்குச் செலவுத் தொகை தரும்படி கேட்க வேண்டும். இதை உங்கள் வக்கீலிடம் தயங்காமல் சொல்லுங்கள். வழக்கு உங்களுடையது.

நீதிபதி இல்லாத நாள்கள்தான் அதிகம் என்றால் உங்கள் மனுவால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-லேயே சொன்னது. இன்று வரை அதில் பாதியைக்கூட நாம் தொடவில்லை. நாடு முழுக்க மாவட்ட நீதிமன்றங்களிலும் அவற்றுக்குக் கீழுள்ள நீதிமன்றங்களிலும் மட்டும் நாலு கோடிக்கு மேல் வழக்குகள் நிற்கின்றன. காலிப் பணியிடத்தை நிரப்பாமல், மூன்று வாய்தா விதியை மட்டும் நீதிபதியின் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. பட்டியலில் ஐம்பது, நூறு வழக்கை வைத்துக்கொண்டு அவர் எத்தனை சாட்சியை விசாரிக்க முடியும்? சீர்திருத்தம் இங்கேதான் தொடங்க வேண்டும்.

அப்புறம், 'ஹைகோர்ட் போனால் ஆறு மாதத்தில் முடித்துவிடலாம்' என்று பலர் சொல்வார்கள். ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் அரசியல் சாசனத்தின் 227-வது பிரிவின் கீழ் சீராய்வு மனு போட முடியும், உண்மைதான். ஆனால், கீழ் நீதிமன்ற வழக்குகளுக்குச் சாதாரணமாகக் கெடு விதிக்கக் கூடாது, அசாதாரணச் சூழலில்தான் விதிக்கலாம் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. எனவே முதலில் சார்பு நீதிமன்றத்திலேயே விரைந்து முடிக்கக் கோரி ஒரு மனு போடுங்கள். வயதுச் சான்றையும், நீங்கள் எழுதிய வாய்தாப் பட்டியலையும் இணையுங்கள். ஐந்து வருடம் தாண்டிய வழக்குகளைக் கண்காணிக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் யஷ்பால் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவையும் அதில் சுட்டிக்காட்டலாம். அப்படியும் நகராவிட்டால் மதுரைக்குப் போகலாம். அப்போது கையில் ஆதாரம் இருக்கும்.

கூடப் பிறந்தவர்கள் வழக்கு என்பதால் சமரச மையத்தையும் மக்கள் நீதிமன்றத்தையும் ஒதுக்க வேண்டாம். மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு ஆனால் அதன் மேல் அப்பீல் கிடையாது. பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் உங்களுக்கு இலவச சட்ட உதவியும் உண்டு.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வழக்கில் உள்ள யாராவது இறந்துவிட்டால், 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனு போட வேண்டும். தவறினால் அவர் அளவில் வழக்கு அற்றுப்போகும். தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போட்டு மீட்கலாம்தான், ஆனால் அந்த மனுவே பல மாதம் தின்றுவிடும்.

தீர்ப்பு வந்தாலும் அது முதல்நிலைத் தீர்ப்பாணைதான். உங்கள் பங்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லும். நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனர் நிலத்தை அளந்து, பிரித்து, இறுதித் தீர்ப்பாணை வந்தால்தான் நிலம் கைக்கு வரும். இதற்குத் தனி மனு போட மறந்து வருடக்கணக்கில் விட்டவர்கள் உண்டு. முதல்நிலைத் தீர்ப்பாணை ஆனதும் நீதிமன்றமே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் உத்தரவிட்டிருக்கிறது. தீர்ப்பு வாசிக்கும் நாளன்றே இதைச் சொல்லி அடுத்த தேதி வாங்கிவிடும்படி உங்கள் வக்கீலிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.