இருபது ஆண்டு நின்ற மோரிஸ் மைனர்: சாவியைத் திருப்புவதற்கு முன்

கேள்வி: என் அப்பா மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் டிரஸராக (மருத்துவ உதவியாளராக) வேலை செய்தவர். அவர் ஓட்டிய 1959ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக நிற்கிறது. அப்பா காலமாகிவிட்டார். அந்தக் காரை மறுபடியும் ஓட வைக்க வேண்டும் என்பது என் ஆசை. புதிய பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன். பட்டறைக்காரர், "பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு டட்சன் எஞ்சின் போட்டுவிடலாம், கையோடு சாயமும் அடித்துத் தருகிறேன்" என்கிறார். எங்கிருந்து தொடங்குவது, ஐயா?

பதில்:

பேட்டரி இருக்கட்டும், இப்போது மாட்ட வேண்டாம். இப்படிக் கொட்டகையில் கிடந்த பழைய கார்கள் பல, தூக்கத்தால் கெடவில்லை. எழுப்பிய அவசரத்தால் கெட்டன. இருபது ஆண்டு நின்ற எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கும். டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் பிசினாகிக் கிடக்கும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் தன் முழு பலத்தோடு இவற்றை இழுக்கும். ஒரு வால்வு சிக்கியிருந்தாலே போதும், அதைத் தள்ளும் கம்பி வளைந்துவிடும். சில நாள் பொறுத்தால் வராத செலவு அது.

பணம் போடுவதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். கிராண்ட் பத்திரம், அதாவது வண்டியின் பதிவுச் சான்று, அப்பா பெயரில் இருக்கும். அதிலுள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும், பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டிலும் எஞ்சின் பக்கவாட்டிலும் அறைந்திருக்கும் சிறு தகடுகளோடு ஒப்பிடுங்கள். பிறகு அருகிலுள்ள ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில், இறந்தவர் பெயரிலிருந்து வாரிசுக்கு மாற்றவும், நெடுநாள் ரோட் டேக்ஸ் கட்டாத வண்டியை மீண்டும் சாலைக்குக் கொண்டுவரவும் என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். வண்டி பளபளப்பான பிறகு பேசினால் அது வேறு பேச்சாகிவிடும்.

இனி கொட்டகைக்குப் போவோம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கொட்டகை என்றால் எலி இல்லாமல் இருக்காது. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். இருக்கைக்கு அடியிலும் டாஷ்போர்டுக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பார்க்காமல் கையை விடாதீர்கள். குளவிக் கூட்டையும் தேடுங்கள். எலி கடித்த வயர் எங்கே இருக்கிறது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளலாம். இந்தக் காரின் வயர்கள் துணி சுற்றியவை. இத்தனை வயதில் கை பட்டாலே உதிரும்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. இந்தக் காருக்குத் தனியான அடிச்சட்டகம் கிடையாது. உடலின் தகடே அதன் எலும்பு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த காலத்தில் அது புதுமை. நமக்கு அதுவே கவலை. முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் இரண்டு, முன் இருக்கைகளுக்குக் கீழே குறுக்காக ஓடும் இரும்புப் பெட்டியில் பின்முனை பூட்டப்பட்டிருக்கும். அந்தக் குறுக்குப் பெட்டியின் இரு முனைகளும், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் தகடும், பின் சக்கரப் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடங்களும்தான் இந்தக் காரின் உயிர்நிலை. நம் ஊர் ஈரத்துக்கு முதலில் போவதும் இவைதான்.

தரை விரிப்பைத் தூக்கிவிட்டு ஒரு தட்டை ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு "டங்" என்று திரும்பப் பேசும். துரு தின்ற தகடு "தொப்" என்று அமுங்கும். அந்த இடத்தில் முனையால் குத்துங்கள். தயங்க வேண்டாம், சாயம் பழுதாகுமே என்று விட்டுவிட்டால் பிறகு வெல்டிங்காரர் கண்டுபிடித்துச் சொல்வார், இரண்டு மடங்கு கூலியோடு. முனை உள்ளே போனால் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கறுப்புத் தார் பூசிய இடங்களைச் சுரண்டிப் பாருங்கள். பழைய ஓட்டைகளை மறைக்கத் தார் பூசுவது அந்தக் காலத்து வழக்கம்.

ஓர் எச்சரிக்கை. ஜாக்கி மாட்டக் கொடுத்திருக்கும் துளை அந்தக் குறுக்குப் பெட்டியின் முனையில்தான் இருக்கிறது. அது துருவேறியிருந்தால் ஜாக்கி தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலேறும், வண்டி உங்கள்மேல் இறங்கும். உருளை ஜாக்கியைப் பின் அச்சுக்குக் கீழே கொடுத்துத் தூக்குங்கள். மண் தரையென்றால் தடித்த பலகை போட்டு, அதன்மேல் இரும்புத் தாங்கிகளை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது.

முன்சக்கரத்தை ஸ்டியரிங்கோடு திருப்பித் தரும் தூணின் மேலும் கீழும் மரையுள்ள மூட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஏறத்தாழ ஒவ்வொரு 1,000 மைலுக்கும் கிரீஸ் போட்டாக வேண்டும். கிரீஸ் காணாத கீழ் மூட்டின் மரை தேய்ந்து, ஓடும்போதே கழன்று, சக்கரம் உள்ளே மடிந்துவிடும். மைனரில் உயிருக்கு ஆபத்தான குறை இது. முன்பக்கத்தைத் தாங்கியில் நிறுத்தி, டயருக்குக் கீழே கடப்பாரையைக் கொடுத்து மெல்ல நெம்புங்கள். சக்கரம் மேலும் கீழும் ஆடினால் அந்த மூட்டைப் புதிதாக மாற்றுங்கள். கிரீஸ் அடித்துச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

எலும்பு பிழைக்கும் என்று தெரிந்த பிறகு எஞ்சினுக்கு வருவோம். உங்கள் வண்டியில் இருக்க வேண்டியது 948 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின். இது எளிதில் சாகாது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு தேக்கரண்டி மெல்லிய எண்ணெய் விடுங்கள்; தானியங்கி கியர் பெட்டிக்கான ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சம அளவு கலந்தது நன்றாக ஊடுருவும். அசிட்டோன் தீப்பிடிக்கும், பக்கத்தில் சிகரெட் கூடாது. ஒரு வாரம் ஊறட்டும். அதற்குள் அடியிலுள்ள பழைய ஆயிலை வடியுங்கள். முதலில் தண்ணீர் சொட்டினாலோ, ஆயில் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தாலோ, எஞ்சின் தலைக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் பழுதாக இருக்கலாம். அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய 20டபிள்யூ-50 ஆயிலும் ஃபில்டரும் போடுங்கள்.

இந்தக் காருக்குக் கையால் சுற்றும் இரும்புக் கைப்பிடி உண்டு. பின்பக்கச் சாமான் அறையில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். பிளக் இல்லாமல், கியரை நியூட்ரலில் வைத்து, முன்னால் மாட்டி மெல்லத் திருப்புங்கள். திரும்ப மறுத்தால் பலம் காட்டாதீர்கள். மறுபடி எண்ணெய் விட்டு இன்னொரு வாரம் காத்திருங்கள். திரும்பத் தொடங்கியதும் மேல் மூடியைக் கழற்றி, எட்டு வால்வுகளும் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவிலுள்ள டேப்பட் இடைவெளி 0.30 மில்லிமீட்டர். பிளக் இடைவெளி 0.64 மில்லிமீட்டர். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளி 0.38 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றித்தான் கழுவ வேண்டும். காலி டேங்கில் உள்ள ஆவி நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. அதில் வெல்டிங் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். ரப்பர் குழாய்கள் அத்தனையும் புதிதாக வேண்டும். பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, பானெட்டுக்குள் தடுப்புத் தகட்டில் இருக்கிறது. வேலை செய்யும்போது "டிக் டிக்" என்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ ஒழுகுகிறது.

இப்போது உங்கள் பேட்டரி. பக்கத்துக் கடைக்காரர் பழக்க தோஷத்தில் நெகட்டிவ் முனையைத்தான் உடலோடு இணைப்பார். மோரிஸ் மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பாசிட்டிவ் முனை உடலோடு இணைந்திருந்தது. கடைசிவரை அப்படியே தயாரித்தார்கள். இடையில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும். எனவே பழைய கேபிளில் எந்தக் கவ்வி உடலுக்குப் போகிறது, அதன் துளை பெரிதா சிறிதா என்று பாருங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனை சற்றுத் தடித்தது. பெரிய துளையுள்ள கவ்வி அதற்குரியது. கையோடு ஒரு துண்டிப்பு சுவிட்சும் பொருத்துங்கள். இந்தக் காரில் இரண்டே ஃபியூஸ்கள்தாம். பழைய வயரில் பொறி பறந்தால் தடுக்க அது போதாது.

முதன்முறை எஞ்சினை இயக்கும்போது பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஆயில் விளக்கு அணையும்வரை பாருங்கள். அதன் பிறகுதான் பிளக்கும் பெட்ரோலும். கிளட்ச் தட்டு ஒட்டியிருந்தால், பெடலை ஒரு கட்டையால் அமுக்கிக் கட்டி, டாப் கியரில் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், பெரும்பாலும் விட்டுவிடும்.

எஞ்சின் ஓடிவிட்டது என்ற மகிழ்ச்சியில் வண்டியைக் கொட்டகையை விட்டு நகர்த்த வேண்டாம். பிரேக் இன்னும் ஆகவில்லை. இதன் பிரேக் குழாய் ஒரே இணைப்பு. எங்கே ஒழுகினாலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே, சேறும் தண்ணீரும் தெறிக்கும் இடத்தில் இருக்கிறது. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இருபது ஆண்டில் உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கும். முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, பின்னால் ஒவ்வொன்று என்று ஆறு வீல் சிலிண்டர்கள், மூன்று ரப்பர் குழாய்கள், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். டிரம்மைக் கழற்றும்போது உள்ளிருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். இருபது ஆண்டு நின்ற டயர்களைப் பூ தேயாமல் இருந்தாலும் போடக் கூடாது.

டட்சன் எஞ்சின் யோசனையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மைனருக்கு டட்சன் 1200 எஞ்சின் போடுவது நம் நாட்டில் பழகிய வேலைதான். வண்டி வேகமாகவும் ஓடும். பட்டறைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை, தமக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறார். ஆனால் உங்கள் வண்டிக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஏ-சீரிஸ் எஞ்சின் குடும்பம் 1951 முதல் 2000 வரை தயாரிப்பில் இருந்தது. மினி காரில் ஓடியதும் இதே குடும்பம்தான். அதனால் உதிரிப் பாகங்கள் இன்றும் பிரிட்டனிலிருந்து கிடைக்கின்றன. எஞ்சினை மாற்றினால் கிராண்டில் எண்ணை மாற்ற வேண்டும், கியர் பாக்ஸுக்காகத் தரையை வெட்ட வேண்டும், கூடிய வேகத்துக்கேற்ப பிரேக்கையும் மாற்ற வேண்டும். அத்தனைக்கும் பிறகு நிற்பது அப்பா ஓட்டிய வண்டியாக இராது.

ஈயம் கலவாத இன்றைய பெட்ரோல் இந்த எஞ்சினின் வால்வு சீட்டுகளை, அதாவது வால்வுகள் அமரும் விளிம்புகளை, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் என்பது உண்மை. உங்களைப்போல் வாரக் கடைசியில் மெதுவாக ஓட்டுபவருக்கு அது உடனடி ஆபத்தில்லை. டேப்பட் இடைவெளி திரும்பத் திரும்பக் குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்கிறது என்று பொருள். அப்போது ஹெட்டைக் கழற்றி ஈப்போவில் நல்ல லேத் பட்டறையில் கொடுத்து, கடினப்படுத்திய சீட் போட்டுக்கொள்ளலாம்.

சாயம் கடைசி. வெல்டிங் வேலைக்கு முன் அடித்த சாயம் வீண். வெல்டிங் செய்யும்போது கதவுகள் சரியாக மூடிய நிலையில் இருக்க வேண்டும். ஒரு பக்கச் சில்லை மொத்தமாக அறுத்துவிட்டால் உடல் நடுவில் தொங்கி, பிறகு கதவு ஒருநாளும் பொருந்தாது. துளை மேல் பட்டி தடவி மூட வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். உட்குழிகளுக்கு மெழுகு தெளியுங்கள். வேலை முடிந்த வண்டியைப் பிளாஸ்டிக் தார்ப்பாயால் போர்த்தாதீர்கள். அதற்குள் வேர்த்து மறுபடி துரு தொடங்கும். சிமென்ட் தரையும் காற்றோட்டமும் போதும்.

உங்கள் வண்டி 1959 என்பதால் திரும்பும் சைகைக்குக் கதவுத் தூணிலிருந்து எழும் சிறு கைகள் இருக்கும். 1961இல்தான் மின்னும் விளக்குக்கு மாறினார்கள். கைகளைக் கழற்றாதீர்கள். ஆனால் இன்றைய சாலையில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளுக்கு அது புரியாது. மின்னும் விளக்கையும் கூடவே பொருத்துங்கள்.

இந்த வாரம் ஸ்குரூடிரைவர் வேலையை மட்டும் செய்யுங்கள். பிறகு எனக்கு எழுதும்போது, குறுக்குப் பெட்டியின் எந்த முனையில் சாக்பீஸ் வட்டம் விழுந்தது, சில்லில் எத்தனை அங்குல நீளத்துக்கு முனை உள்ளே போனது என்று குறிப்பிடுங்கள். வெல்டிங் கூலிக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.