பின்னால் இருக்கும் வயலில் 220 வீடு வருதாம், கையெழுத்துப் போடலாமா?

தம்பி, உங்கள் அம்மா கோத்தகிரி மார்க்கெட்டில் என் அம்மாவைப் பார்த்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அப்புறம் நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன், அதனால் ஆற அமர எழுத நேரம் இருக்கிறது.

நீங்கள் கேட்டது இதுதான். இங்கிலாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, வாடகை வீடு. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயலில் 220 வீடு கட்ட ஒரு கம்பெனி கவுன்சிலிடம் (நம் ஊர் நகராட்சி மாதிரி) அனுமதி கேட்டிருக்கிறது. விளக்குக் கம்பத்தில் நோட்டீஸ் கட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா எதிர்ப்பு மனுவில் கையெழுத்துக் கேட்டு வந்தார். போட்டால் விசாவுக்கு ஏதாவது ஆகுமா, போடாவிட்டால் தெருவில் முகம் கொடுத்துப் பேசுவார்களா, நேற்று வந்த நாம் இதில் வாய் திறக்கலாமா?

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். விசாவுக்கு ஒன்றும் ஆகாது. வீடு கட்டும் விண்ணப்பத்துக்கு யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். சொந்த வீடு இருக்க வேண்டும், குடியுரிமை இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி இல்லை. நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து குறைந்தது 21 நாள் கொடுப்பார்கள், கடைசித் தேதி அந்தத் தாளிலேயே இருக்கும். ஒன்றை மட்டும் தெரிந்து எழுதுங்கள். உங்கள் கடிதத்தைப் பெரும்பாலும் பெயர், முகவரியோடு கவுன்சில் தன் இணையதளத்தில் போட்டுவிடும். பக்கத்து வீட்டு அம்மாவும் படிப்பார், கம்பெனிக்காரனும் படிப்பான்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. உங்களுக்கு அங்கே ஓட்டு உண்டு. இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால், 18 வயது நிரம்பி, செல்லுபடியாகும் விசாவோடு அங்கே வசிக்கிற நாம் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். கவுன்சில் தேர்தலிலும் போடலாம், பார்லிமென்ட் தேர்தலிலும் போடலாம். வாக்குச்சாவடியில் போட்டோ அடையாளம் கேட்பார்கள், நம் பாஸ்போர்ட் போதும். நான் வந்து நாலு வருஷம் கழித்துத்தான் இது எனக்கே தெரிந்தது. அந்த நாலு வருஷமும் கவுன்சில் டாக்ஸ் மட்டும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் இன்றைக்கே பதிவு செய்யுங்கள்.

சரி, கையெழுத்து. அந்தத் தாளில் "வீடே வேண்டாம்" என்று மட்டும் எழுதியிருந்தால் போடாதீர்கள். அதற்குப் பதில் உங்கள் பெயரில் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் 2006-ல் போனபோது நாங்கள் நாலு நர்ஸ்கள் ஒரே வீட்டில் இருந்தோம். மூன்று படுக்கையறை, ஒரு பாத்ரூம். நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவள் எழுந்து போகிறவளின் கட்டிலில் படுப்பாள். இன்றைக்கு வாடகை இன்னும் மோசம் என்று உங்களுக்கே தெரியும். கவுன்சில் குறைந்த வாடகைக்குத் தரும் வீட்டுக்காகப் பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் இங்கிலாந்தில் மட்டும் 13 லட்சத்துக்கு மேல். அவர்களும் எங்கேயாவது குடியிருக்க வேண்டும்தானே. அந்த 220-ல் ஒன்று நாளைக்கு உங்கள் வீடாகவும் இருக்கலாம்.

பக்கத்து வீட்டு அம்மாவையும் நான் தப்பாகச் சொல்லமாட்டேன். முப்பது வருஷமாகச் சமையலறை ஜன்னலில் அந்த வயலைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவியவர். அது போகிறதென்றால் மனசு தாங்காது. ஆனால் அங்கத்திய சட்டத்தில் என் ஜன்னல் காட்சி போகிறது, என் வீட்டு விலை இறங்குகிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. போக்குவரத்து, வெள்ளம், வடிகால், பள்ளி, டாக்டர், மரம், அண்டை வீட்டுக்கு வெளிச்சம் மறைப்பது, இவைதான் கணக்கு. 300 பேர் ஒரே வரியில் கையெழுத்துப் போட்ட மனுவைவிட, ஒரே ஒருவர் காரணத்தோடு எழுதிய கடிதத்தைத்தான் அதிகாரி தன் அறிக்கையில் எடுத்துப் பேசுவார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு கவுன்சிலும் எந்த இடத்தில் எத்தனை வீடு என்று பல வருஷத்துக்கு ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும், லோக்கல் பிளான் என்பார்கள். அடுத்த ஐந்து வருஷத்துக்குத் தேவையான வீடுகளுக்கு நிலம் கைவசம் இருக்கிறது என்று காட்டவும் வேண்டும். காட்ட முடியாத கவுன்சில் ஒரு விண்ணப்பத்தை மறுத்தால், கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகும். மத்திய அரசின் பிளானிங் இன்ஸ்பெக்டர் வந்து அனுமதி கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். 2024 டிசம்பரில் அரசு விதிகளை மாற்றி வீட்டு எண்ணிக்கையைக் கட்டாயமாக்கிய பிறகு இது இன்னும் இறுகிவிட்டது, 15 லட்சம் வீடு என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த மேல்முறையீட்டு உரிமை கம்பெனிக்குத்தான், தெருக்காரர்களுக்குக் கிடையாது. அதனால் "வேண்டவே வேண்டாம்" என்பதில் முழுப் பலத்தையும் செலவழித்துவிட்டால், "வந்தால் இப்படித்தான் வர வேண்டும்" என்று பேச ஆளே இல்லாமல் போய்விடும்.

எப்படி வர வேண்டும் என்பது நமக்குத் தெரியும், தம்பி. நாம் மலைக்காரர்கள்.

இதை எழுதும்போது அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்ச் சரிவில் போன வருஷம் தேயிலையாக இருந்த இடத்தில் இப்போது செம்மண் திட்டும் மூன்று கான்கிரீட் தூணும் நிற்கின்றன. நம் மலையில் விதி இல்லாமல் இல்லை. ஹாகா கமிட்டி என்ற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழு இருக்கிறது, மலைப்பகுதிக் கட்டட விதிகள் 1993-லிருந்து இருக்கின்றன, ஏழு மீட்டருக்கு மேல் எழுப்பக்கூடாது. விதி இருந்தும் ஜேசிபி வந்து நிற்கிற அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரனுக்கே விஷயம் தெரிகிறது.

எங்கள் வீட்டுக்கு மேலே அப்படித்தான் ஒருவர் காட்டேஜ் கட்டச் சரிவை வெட்டினார். மழைத் தண்ணீர் இறங்கும் சின்ன ஓடை ஒன்று அந்த இடத்தின் ஓரமாக வரும். அதை மண்ணைப் போட்டு மூடி மேலே தளம் போட்டார். அப்பா மூன்று முறை மனு கொடுத்தார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ரசீதுகளை இரும்புப் பெட்டியில் அம்மா இன்னும் வைத்திருக்கிறார். 2009 நவம்பர் மழை உங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள் சின்னப் பையனாக இருந்திருப்பீர்கள். கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை, அந்தப் புண்ணியம் போதும். ஆனால் மூடிய ஓடை தன் வழியைத் தேடி எங்கள் சமையலறைச் சுவரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. நான் லீவு போட்டு வந்து பார்த்தபோது அரிசி டிரம் கழுத்துவரை சேற்றில் புதைந்திருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே அரிசி நனையாமல் வெள்ளையாக இருந்தது. அம்மா அதைப் பார்த்துத்தான் அழுதார்.

அதற்கப்புறம்தான் அங்கே விளக்குக் கம்பத்தில் தொங்கும் தாளை நான் நின்று படிக்க ஆரம்பித்தேன். என் அப்பாவுக்கு அப்படி ஒரு தாள் கிடைக்கவில்லையே என்று தோன்றும்.

2014-ல் இங்கிலாந்தில் எங்கள் தெருவுக்குப் பின்னாலும் ஒரு வயலுக்கு விண்ணப்பம் வந்தது, 140 வீடு. வரைபடத்தைக் கவுன்சில் தளத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலி ஓரமாக ஒரு வாய்க்கால் இருக்கும், இடுப்பளவு ஆழம், கோடையில் காய்ந்து கிடக்கும். அந்த வாய்க்காலைக் குழாயாக்கி மேலே கார் நிறுத்தம் காட்டியிருந்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தக் குளிர்காலம் முழுக்க, மழை விட்டதும் போனை எடுத்துக்கொண்டு வேலி ஓரம் நடந்தேன். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் வழிகிறது என்று தேதியோடு போட்டோ எடுத்தேன். பதினொரு போட்டோ வைத்துக் கடிதம் அனுப்பினேன். விண்ணப்பத்தை முடிவு செய்யும் கவுன்சில் கமிட்டிக் கூட்டத்தில் பேசவும் பெயர் கொடுத்தேன்.

மூன்று நிமிஷம்தான் தருவார்கள். மேஜையில் சின்ன விளக்கு இருக்கும், பச்சை, மஞ்சள், சிவப்பு. கைநடுக்கத்தில் தாளைப் பிடிக்க முடியவில்லை, மேஜையில் வைத்துப் படித்தேன். வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாய்க்காலைத் திறந்தே விடுங்கள், கீழ் மூலையில் தண்ணீர் நிற்க ஒரு குட்டை விடுங்கள், குழாய் அடைத்தால் யார் சுத்தம் செய்வது என்று எழுத்தில் சொல்லுங்கள் என்றேன். ஒரு வயதான கவுன்சிலர் போட்டோவைத் தூக்கிக் காட்டி, இந்த மூலை எது என்று கம்பெனி ஆளைக் கேட்டார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அனுமதி கொடுத்தார்கள், ஆனால் வாய்க்கால் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இன்றைக்கு அந்தக் குட்டையில் வாத்து இருக்கிறது. அந்த 140-ல் ஒரு வீட்டில் ஊட்டிப் பெண் ஒருத்தி குடியிருக்கிறாள், என் வார்டில்தான் வேலை.

ஒரு விஷயத்தில் நாங்கள் ஏமாந்தோம், அதையும் சொல்ல வேண்டும். வீடு கட்ட அனுமதிக்கும்போது, அந்த வீடுகளால் வரும் பாரத்துக்காகக் கம்பெனி பள்ளிக்கு, டாக்டர் கிளினிக்குக்கு, பஸ்ஸுக்கு, விளையாட்டுத் திடலுக்கு இவ்வளவு தர வேண்டும், இத்தனை வீடு குறைந்த விலையில் தர வேண்டும் என்று ஒப்பந்தம் போடுவார்கள். செக்ஷன் 106 என்று பெயர். எங்கள் பக்கத்தில் கிளினிக்குக்குப் பணம் எழுதியிருந்தது. தொகையை எல்லோரும் பார்த்தோம், எப்போது கட்ட வேண்டும் என்ற வரியை ஒருவரும் பார்க்கவில்லை. கடைசி வீடுகளுக்கு முன்னால் என்று இருந்தது. பாதி கட்டிவிட்டு வேலையை இழுத்தடித்தார்கள். ஆள் வந்துவிட்டது, டாக்டர் வரவில்லை. என் சின்ன மகளுக்குக் காது வலி வந்தபோது அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மூன்று வாரம் ஆனது. அதனால் உங்கள் கடிதத்தில் இதைக் கட்டாயம் கேளுங்கள்: பணம் எத்தனையாவது வீட்டில் குடியேறும் முன் வர வேண்டும்? முதல் 50 வீட்டுக்குள் வர வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

விண்ணப்பத்தில் "அவுட்லைன்" என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் இப்போது கேட்பது கொள்கை அளவு அனுமதி மட்டும். வீட்டின் உயரம், அமைப்பு, மரம் செடி எல்லாம் பின்னால் இன்னொரு விண்ணப்பமாக வரும், அப்போதும் எழுதலாம். ஆனால் எத்தனை வீடு, வயலுக்குள் ரோடு எங்கே நுழைகிறது என்பது பெரும்பாலும் இப்போதே முடிவாகிவிடும்.

பாரிஷ் கவுன்சில் இருக்கும் ஊரா என்று விசாரியுங்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரிதான். 2011 சட்டப்படி ஊர்க்காரர்களே தங்கள் பகுதிக்கு ஒரு திட்டம் எழுதி ஓட்டுக்கு விடலாம், பாதிக்கு மேல் ஆதரவு வந்தால் அதற்குச் சட்ட மதிப்பு உண்டு. இதற்கெல்லாம் வருகிறவர்கள் தலை நரைத்தவர்கள்தான். நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்களும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களும், வாடகைக்கு இருப்பவர்களும் வருவதே இல்லை. அவர்களுக்கு பஸ் எத்தனை மணிவரை வேண்டும் என்று அங்கே சொல்ல ஆள் இல்லை. நீங்கள் போனால் சொல்லலாம்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒளிக்காமல் பேசுங்கள். ஒரு டீ போட்டுக் கொடுத்து, வீடு வருவதை நான் எதிர்க்கவில்லை, ஆனால் தண்ணீருக்கும் டாக்டருக்கும் நான் எழுதப் போகிறேன், உங்களுக்கு முப்பது வருஷம் அந்த வயலைத் தெரியும், எங்கே தேங்கும் என்று காட்டுங்கள் என்று கேளுங்கள். வேலி ஓரம் உங்களோடு நடந்து வருவார் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் தெருவில் என்னோடு நடந்தவர் அப்படி ஒரு அம்மாதான்.

கடிதத்தை அனுப்பும் முன் எனக்கு ஒருமுறை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். கடைசித் தேதி தாண்டிவிடப் போகிறது, கம்பத்துத் தாளை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த வாரம் கிளம்புகிறேன். உங்கள் அம்மா ஊட்டி வர்க்கி இரண்டு பாக்கெட்டும் ஒரு கம்பளித் தொப்பியும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், வந்ததும் தபாலில் போடுகிறேன். வர்க்கி நொறுங்காமல் இருக்க அம்மா அதைத் தொப்பிக்குள்ளேயே வைத்துக் கட்டியிருக்கிறார்.