பைக்கில் கார் ஹார்ன் மாட்டியதற்குச் சலான்: கட்டலாமா, கோர்ட்டுக்குப் போகலாமா?

கேள்வி: அண்ணாச்சி, பத்தமடையிலிருந்து தினமும் பாளையங்கோட்டைக்குப் பைக்கில் வேலைக்குப் போகிறேன். கம்பெனி ஹார்ன் சத்தம் பஸ்காரர் காதிலேயே விழாது. முன்னீர்பள்ளம் பக்கம் ஒரு லாரி என்னைக் கவனிக்காமல் ஓரம் கட்டியதில் ரோட்டை விட்டே இறங்கிவிட்டேன். அதற்கப்புறம்தான் காருக்கு வருகிற ரெட்டை ஹார்னை வாங்கி மாட்டினேன். போன வாரம் வண்ணார்பேட்டையில் போலீஸ் நிறுத்தி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2)-ஆவது பிரிவு என்று போட்டுச் சலான் கொடுத்தார்கள். வண்டி அப்பா பெயரில் இருக்கிறது. பணத்தைக் கட்டிவிடவா, கோர்ட்டில் பார்க்கவா?

பதில்: தம்பி, பணம் கட்டும் முன் அந்த ஹார்னைக் கழற்றி, அதன் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது.

கம்பெனி ஹார்னை மாற்றினாலே குற்றம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுப்பது, வண்டியின் கட்டமைப்பில் கைவைத்து அதன் அடிப்படை அம்சத்தையே மாற்றுவதை. ஹார்ன் அந்த வகையில் சேராது என்பது என் கருத்து. ஹார்னுக்குத் தனி விதி உண்டு: 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி. ஹார்ன் ஐ.எஸ். 1884 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்கிறது அது. வெவ்வேறு சுரங்கள் அடுத்தடுத்து ஒலிக்கும் ஹார்ன் கூடாது. அளவுக்கு மீறிக் கரகரத்தோ, கீச்சிட்டோ, அலறியோ ஆளைத் திடுக்கிட வைக்கும் எதுவும் கூடாது.

இதில் ‘அடுத்தடுத்து’ என்ற சொல் உங்களுக்கு முக்கியம். கார் ஹார்னில் ஒன்று கனத்தும் ஒன்று மெலிந்தும் ஒலித்தாலும், இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. பாட்டுப் பாடுகிற மியூசிக்கல் ஹார்ன் வேறு, இது வேறு. ஆகவே முதல் தடையில் நீங்கள் சிக்க மாட்டீர்கள் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. சிக்கல் இரண்டாவதில். ‘அளவுக்கு மீறி’ என்பதை யார் முடிவு செய்வது? அங்கேதான் ஹார்ன் மேல் அச்சடித்த தர முத்திரையும் கடை பில்லும் கைகொடுக்கும். முத்திரையே இல்லாத மலிவு ஹார்ன், அல்லது காற்றழுத்தத்தில் அலறும் ஏர் ஹார்ன் என்றால் வாதாடுவதற்கு ஒன்றும் இல்லை; கழற்றிவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

சலானில் போட்டிருக்கும் பிரிவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தேவையில்லாமல் ஹார்ன் அடித்ததாக 194எஃப் போட்டிருந்தால் முதல் தடவைக்கு 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000 ரூபாய், அதோடு போகும். 190(2) என்பது சத்தம், புகைத் தரங்களை மீறிய வண்டியை ஓட்டிய குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பும் உண்டு. ஓட்டியவரை மட்டுமில்லாமல், ஓட்ட அனுமதித்தவரையும் இந்தப் பிரிவு பிடிக்கும். அதனால் அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சலான் விவரம் அவர் போனுக்கு வந்து, அதன் வழியாக அவருக்குத் தெரிய வேண்டாம்.

ஹார்னுக்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்பியதை நான் பார்த்ததில்லை. வழக்கு நடத்தாமல் முடித்துக்கொள்வதற்கான இணக்கக் கட்டணத்தைக் கட்டினால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ஆனாலும் கட்டிய அந்தக் குற்றம் முதல் குற்றமாகக் கணக்கில் நிற்கும். இன்னொரு முறை பிடித்தால் நீங்கள் இரண்டாம் முறைக்காரர். தரமான ஹார்னும் பில்லும் வைத்திருப்பவர் ‘தொல்லை விட்டது’ என்று உடனே கட்டுவதை நான் விரும்பாததற்கு இதுதான் காரணம். உங்களிடம் அந்த இரண்டும் இருந்தால், கட்டாமல் கோர்ட்டில் மறுத்துச் சொல்லுங்கள். ஹார்னைக் கழற்றிப் பார்க்கும் முன்பே, மாட்டியிருக்கும் நிலையில் போட்டோ எடுத்து வையுங்கள்.

சட்டப்படி சரியான ஹார்னையும் கண்ட இடத்தில் அடிக்க முடியாது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, அமைதி மண்டலத்திலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியிலும், அவசரநிலை தவிர ஹார்ன் கூடாது. மருத்துவமனை, பள்ளி, கல்லூரி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டராவது அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். நம் பாளையங்கோட்டையில் ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி, கோர்ட், வரிசையாகக் கல்லூரிகள், பள்ளிகள் என்று நினைத்துப் பாருங்கள். விரலை எடுத்துவிட்டு ஓட்ட வேண்டிய இடங்களே அதிகம். சாட்சிக் கூண்டில் ஒரு வயதான அம்மா தழுதழுத்துச் சொன்ன பதில், வெளியே அடித்த ஹார்னில் யாருக்கும் கேட்காமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். நீதிபதி கேட்டதும் அந்த அம்மா அதையே மறுபடி சொல்ல வேண்டி வந்தது. மனது கஷ்டப்பட்டது.

உங்கள் பயம் நியாயமானது தம்பி. லாரி ஓரம் கட்டும்போது கேட்கிற மாதிரி ஹார்ன் வேண்டும்தான். ஆனால் பழைய ஹார்ன் ஏன் முனகுகிறது என்று மெக்கானிக்கிடம் காட்டினீர்களா? துருப்பிடித்த கனெக்‌ஷன், இறங்கிப்போன பேட்டரி, ஹார்னுக்குப் பின்னால் சத்தத்தைச் சரிசெய்கிற ஸ்க்ரூ, இந்த மூன்றையும் சரிபார்த்தாலே பல வண்டிகளில் சத்தம் திரும்பிவிடும். ரெட்டை ஹார்னையே வைத்துக்கொள்வதானால் ரிலேயும் ஃபியூஸும் போட்டு மாட்டச் சொல்லுங்கள். ரிலே இல்லாமல் ஹார்னுக்கான கரண்ட் முழுவதும் சுவிட்ச் வழியாகவே போனால், சுவிட்ச் சூடாகிக் கருகும்.

பில் கிடைக்கவில்லை என்றால் கடைக்காரரிடம் நகல் கேட்டு வாங்கிக்கொண்டு, சலானோடு வாருங்கள்.